அருள்மொழி எப்படி ராஜராஜன் ஆனார்? சிம்மாசனப் பெயர்களும் ஜவ்வாது மலை நடுகற்களும்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று வரிசையாக 'நாடு'கள் வரும். மூன்றும் ஊராட்சிகள்தான். ஆனால் பெயரைக் கேட்டால் மூன்று தனி தேசங்கள் மாதிரி இருக்கும். இந்த மலையையும் அதன் அடிவாரத்தையும் சுற்றி, குறிப்பாகத் தெற்கே செங்கம் வட்டாரத்தில், வயல் வரப்பிலும் மரத்தடியிலும் பலகைக் கற்கள் நிற்கின்றன. கையில் வில்லோ வாளோ பிடித்த ஓர் ஆள், மேலே சில வரி எழுத்து. பல ஊர்களில் இவற்றை 'வேடியப்பன்' என்று கும்பிடுகிறார்கள். தொல்லியல் துறையினர் நடுகல் என்கிறார்கள்.

அதில் ஒன்று எடுத்தனூர் நடுகல். கருந்தேவக்கத்தி என்ற ஒருவர் தன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டார் என்கிறது அந்தக் கல். சரி, எப்போது? கல்லில் கி.பி. கிடையாது. அப்படி ஒரு கணக்கு இருப்பதே அன்றைக்கு இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக இருப்பது இதுதான்: 'மயீந்திர பருமன்' ஆட்சியின் முப்பத்து நான்காம் ஆண்டு.

மயீந்திர பருமன் என்றால் மகேந்திரவர்மன். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லனின் அப்பா. எருமை மேய்த்த ஒருவரின் இறந்த தேதி, காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அரசரின் பெயரில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்தால்தான் பூட்டு திறக்கும்.

இங்கேதான் சிக்கல். ராஜாக்கள் அம்மா அப்பா வைத்த பெயரோடு சிம்மாசனம் ஏறியதில்லை. ஏறும்போது வேறு பெயர். தாத்தாவுக்கும் அதே பெயர், சில சமயம் பக்கத்து நாட்டு அரசருக்கும் அதே பெயர். எந்தப் பெயரை, எதற்காக எடுத்தார்கள்?

தேதியே ராஜாதான்

பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் ஆண்டு என்பது 'இன்னாருக்கு யாண்டு இத்தனை' என்றுதான் வரும். அரசர் பட்டம் ஏறியதிலிருந்து எண்ணுவார்கள். புது அரசர் வந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். இன்று ஒரு ரசீதில் தேதி இல்லை என்றால் அது செல்லாது இல்லையா? அதுபோல நிலம் விற்றாலும், கோயிலுக்கு விளக்கு வைத்தாலும், மாடு மீட்கப் போய்ச் செத்தாலும், அரசர் பெயர் இல்லாமல் பதிவு இல்லை.

எனவே ஒருவர் எடுத்துக்கொள்ளும் சிம்மாசனப் பெயர் அரண்மனைக்குள் மட்டும் இருக்கும் விஷயம் அல்ல. மறுநாளிலிருந்து நாட்டில் எழுதப்படும் ஒவ்வொரு ஆவணத்தின் தலைப்பிலும் அது உட்காரும்.

எடுத்தனூர் கல்லின் கணக்கு ஓரளவு சுலபமானது. பல்லவரில் மகேந்திரவர்மன் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாமவர் ஆண்டது சில ஆண்டுகள்தான். 34 ஆண்டு ஆட்சி அவருக்கு வாய்க்கவில்லை. ஆகவே இது முதலாம் மகேந்திரவர்மன். அவர் கி.பி. 590 வாக்கில் பட்டத்துக்கு வந்தார் என்று வைத்தால், கருந்தேவக்கத்தி இறந்தது 624 வாக்கில். பட்டமேறிய ஆண்டைச் சில ஆய்வாளர்கள் முன்பின் நகர்த்துவார்கள். அப்போது இவருடைய சாவும் கூடவே நகரும்.

இன்னொரு விஷயம். 'முதலாம்', 'இரண்டாம்' என்பதெல்லாம் நம் வரலாற்றுப் புத்தகங்கள் போட்டது. இங்கிலாந்து அரசர்கள் மாதிரி இங்கே யாரும் தன்னை 'முதலாம் ராஜராஜன்' என்று சொல்லிக்கொள்ளவில்லை. கல்வெட்டில் எண் இருக்காது. வெறும் பெயர்தான்.

அருள்மொழி, மதுராந்தகன்... எந்த மதுராந்தகன்?

'பொன்னியின் செல்வன்' படம் பார்த்தவர்களுக்கு ஜெயம் ரவி நடித்த அருள்மொழிவர்மனைத் தெரியும். அவர்தான் 985இல் பட்டத்துக்கு வந்து, தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜன். அருமொழி (அல்லது அருள்மொழி) என்பது பிறந்தபோது வைத்த பெயர். அவருடைய மகன் வெளியிட்ட திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. ஆட்சியின் தொடக்கக் கல்வெட்டுகளில் 'மும்முடிச்சோழன்' என்றும் வருவார். 'ராஜராஜன்' என்றால் அரசர்களுக்கு அரசன். ஒரு பதவியே பெயராக மாறியது மாதிரி.

அதே படத்தில் ரகுமான் நடித்தது மதுராந்தகன் வேடம். அருள்மொழிக்கு முன்பு ஆண்ட உத்தம சோழரைக் கல்கி அப்படி எழுதினார். குழப்பம் என்னவென்றால், ராஜராஜனின் மகனுக்கும் பிறந்தபோது வைத்த பெயர் மதுராந்தகன்தான். அவர் 1012இல் இளவரசுப் பட்டம் ஏறியபோது ராஜேந்திரன் ஆனார். கங்கை வரை படை அனுப்பிய, கடாரம் கொண்ட அதே ராஜேந்திரன்.

மதுராந்தகன் என்றால் மதுரைக்கு எமன். முதலாம் பராந்தகன் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையைப் பிடித்ததிலிருந்து சோழக் குடும்பத்தில் புழங்கிய பெயர் அது. ஒரே ஓர் எதிரியை மனதில் வைத்த பெயர். ராஜேந்திரன் என்றால் அரசர்களில் இந்திரன். குறிப்பிட்ட எதிரி என்று யாரும் இல்லை, எல்லாருக்கும் மேலே. வீட்டுப் பெயருக்கும் சிம்மாசனப் பெயருக்கும் நடுவே சோழர்களின் ஆசை எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று இந்த ஒரு மாற்றத்திலேயே படிக்கலாம்.

அதற்காகப் பழைய பெயரைத் தூக்கி எறிந்துவிடவில்லை. ராஜராஜன் காவிரிப் படுகையை வளநாடுகளாகப் பிரித்தபோது ஒன்றுக்கு 'அருமொழிதேவ வளநாடு' என்று பெயர். மற்றவற்றுக்கும் தன் பட்டங்களையே வைத்தார். இலங்கையில் பிடித்த பகுதி 'மும்முடிச்சோழ மண்டலம்' ஆனது. ஜவ்வாது மலை இருக்கும் தொண்டை மண்டலமோ 'ஜயங்கொண்ட சோழ மண்டலம்' ஆனது. மலையில் இருந்தவர்கள் எங்கேயும் குடிபெயரவில்லை. விலாசம் மட்டும் மாறிவிட்டது.

யாருடைய டர்ன்?

ஆனால் ராஜராஜன், ராஜேந்திரன் போன்ற பெயர்களைவிட சுவாரசியமான ஒன்று அவற்றுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். கோராஜகேசரி, கோப்பரகேசரி. கேசரி என்றால் சிங்கம். முதலாவது அரசர்களில் சிங்கம், இரண்டாவது பகைவருக்குச் சிங்கம்.

இவை மாறி மாறி வரும். அப்பா பரகேசரி என்றால் மகன் ராஜகேசரி, பேரன் மறுபடியும் பரகேசரி. விஜயாலயன் பரகேசரி. அவர் மகன் முதலாம் ஆதித்தன் ராஜகேசரி. அவர் மகன் முதலாம் பராந்தகன் பரகேசரி. இப்படியே போய், ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி. 13ஆம் நூற்றாண்டில் கடைசிச் சோழர் மூன்றாம் ராஜேந்திரன் வரைக்கும் இந்த முறை ஓடியது. அவரும் பரகேசரிதான்.

இதில் அரசருக்கு 'சாய்ஸ்' எதுவும் இல்லை. முன்னால் இருந்தவர் எதுவோ, நீங்கள் அடுத்தது. தமிழில் பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தா பெயரைத் தாங்குபவன். வீட்டில் நடக்கும் அதே பழக்கத்தைத்தான் சோழர்கள் சிம்மாசனத்தில் செய்தார்கள்.

கல்வெட்டு படிப்பவர்களுக்கு இது வரமும் தலைவலியும். வரம், ஏனென்றால் வரிசையைச் சரிபார்க்கலாம். தலைவலி ஏன் என்றால், முற்காலச் சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் 'கோப்பரகேசரிக்கு யாண்டு இத்தனை' என்பதோடு முடிந்துவிடும். எந்தப் பரகேசரி? விஜயாலயனா, பராந்தகனா, அரிஞ்சயனா, உத்தம சோழனா, கொலையுண்ட ஆதித்த கரிகாலனா? முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே 100 ஆண்டுக்கு மேல் இடைவெளி. இதை வைத்து ஒரு ஊரின் ஏரி எப்போது வெட்டப்பட்டது என்று சொல்ல வேண்டும்!

அடைமொழி இருந்தால் பிழைத்தோம். 'மதிரை கொண்ட' கோப்பரகேசரி என்றால் முதலாம் பராந்தகன். 'பாண்டியன் தலைகொண்ட' கோப்பரகேசரி என்றால் விக்ரம் நடித்த ஆதித்த கரிகாலன் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ராஜராஜன் காலத்திலிருந்து மெய்க்கீர்த்தி வந்தது. அரசரின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் முன்னுரை அது. ஒவ்வொரு அரசருக்கும் தொடக்கச் சொற்கள் வேறு வேறு. கல் பாதி உடைந்திருந்தாலும் முதல் இரண்டு மூன்று சொல் இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

பாண்டியர்கள் கதை இதைவிட மோசம். அவர்களுக்கு மாறவர்மன், சடையவர்மன் என்று இரண்டு. அதோடு சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன் என்று நாலைந்து பெயர்களையே திரும்பத் திரும்ப வைத்தார்கள். போதாக்குறைக்கு 13ஆம் நூற்றாண்டில் ஒரே நேரத்தில் பல பாண்டியர்கள் பட்டம் கட்டிக்கொண்டு வெவ்வேறு பகுதிகளில் இருந்தார்கள். அந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோகூட ஐந்து அரசர்கள் என்றுதான் எழுதினார்.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது வானம். கல்வெட்டுகளில் நட்சத்திரம், திதி, கிழமை சேர்ந்து வரும். இந்த மூன்றும் சரியாகப் பொருந்தும் நாள் எது என்று கணக்குப் போட்டால் ஆங்கிலத் தேதி கிடைக்கும். ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்னும், பின்னர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையும் இதை உட்கார்ந்து செய்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், பென்சிலும் பட்டியலும்தான். 1216இல் வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் வேறு, 1251இல் வந்த சடையவர்மன் சுந்தர பாண்டியன் வேறு என்று இன்று நாம் அலட்டாமல் சொல்வதற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

வெளியூர்க்காரர் வரிசையில் நின்ற கதை

சிம்மாசனப் பெயர் என்ன வேலை செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சிறந்த உதாரணம் 1070.

அந்த ஆண்டு அதிராஜேந்திரன் என்ற சோழ அரசர், பட்டத்துக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே இறந்துவிட்டார். நாட்டில் கலவரம். அடுத்து வந்தவர் சோழ வம்சத்து ஆண் வாரிசே அல்ல. ஆந்திராவில் வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியக் குடும்பத்து இளவரசர். அப்பா ராஜராஜ நரேந்திரன். அம்மா அம்மங்கைதேவி, ராஜேந்திர சோழனின் மகள். தாய்வழியில்தான் சோழத் தொடர்பு. ஆனால் அவருக்கு வைத்திருந்த பெயர் என்ன? ராஜேந்திரன். அம்மாவின் அப்பா பெயர். நிஜமாகவே பெயரன்.

வேங்கியில் விஷ்ணுவர்த்தனன், விஜயாதித்தன் என்று வேறு ஒரு சிம்மாசனப் பெயர் மரபு இருந்தது. சோழ நாட்டில் அது எடுபடாது. எனவே அவர் முதலில் செய்த வேலை, வரிசை பார்த்தது. அதிராஜேந்திரன் பரகேசரி. ஆகவே அடுத்தவர் ராஜகேசரி. புது அரசரின் தொடக்கக் கல்வெட்டுகள் 'ராஜகேசரி ராஜேந்திர சோழன்' என்றே வருகின்றன. வெளியிலிருந்து வந்த ஒருவர், நடுவில் எதுவுமே நடக்காதது மாதிரி, க்யூவில் அடுத்த ஆளாக நின்றுவிட்டார்.

நான்கைந்து ஆண்டு கழித்து, பிடி இறுகிய பிறகு, இன்னொரு பெயர் வருகிறது: குலோத்துங்கன். குலத்தை உயர்த்துபவன் என்று பொருள். எந்தக் குலம் என்று சொல்லவில்லை! சாளுக்கியர் கேட்டால் சாளுக்கிய குலம், சோழர் கேட்டால் சோழ குலம். இதைவிடச் சாமர்த்தியமான பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. அவர் அரை நூற்றாண்டு ஆண்டார். சுங்கம் தவிர்த்த சோழன் என்று பேர் எடுத்தார். அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் குலோத்துங்கன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் கொண்டுவந்த பெயர் குடும்பப் பெயராகிவிட்டது.

அவருக்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே காஞ்சியில் இதே மாதிரி ஒன்று நடந்தது. 730களுக்குச் சற்று முன்பின் பல்லவர் வாரிசு இல்லாமல் தவித்தார்கள். ஹிரண்யவர்மன் என்ற உறவினரைத் தேடிப் போனார்கள். அவருடைய மகன், 12 வயதுப் பையன், வரச் சம்மதித்தான். பல்லவமல்லன் என்று அழைக்கப்பட்ட அவனுக்கு நந்திவர்மன் என்று பெயர் சூட்டி முடிசூட்டினார்கள். இந்தக் கதை காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சிற்பமாகவும் எழுத்தாகவும் இருக்கிறது. நந்திவர்மன் என்பது பழைய பல்லவர் பெயர். பையன் புதுசு, பெயர் பழசு.

தெலுங்கு நாட்டில் காகதீய ருத்ரமாதேவி 1262 முதல் ஆண்டபோது ஆவணங்களில் 'ருத்ரதேவ மகாராஜா' என்ற ஆண் பெயரிலேயே வந்தார். அங்கே சந்தேகம் வம்சத்தைப் பற்றி அல்ல, பெண் ஆளலாமா என்பது பற்றி. பெயர் அந்தக் கேள்வியையே எழாமல் செய்யப் பார்த்தது.

1936இல் லண்டனிலும் ஏறக்குறைய இதே உத்திதான். அண்ணன் எட்டாம் எட்வர்ட் முடியைத் துறந்ததும், திடீரென்று பட்டத்துக்கு வந்த தம்பியின் பெயர் ஆல்பர்ட். வீட்டில் பெர்ட்டி. அவர் அப்பாவின் பெயரை எடுத்து ஆறாம் ஜார்ஜ் ஆனார். நடுவில் நடந்ததை மறந்துவிடுங்கள், அப்பா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம் என்று அர்த்தம். அவருடைய பேரன் சார்லஸ் 2022இல் பட்டத்துக்கு வந்தபோது ஏழாம் ஜார்ஜ் ஆவாரோ என்று பத்திரிகைகள் பல காலமாக ஊகித்து வைத்திருந்தன. அவர் சொந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்.

போப்பாண்டவர்களுக்கு இது இன்னும் வெளிப்படை. 533இல் ரோமக் கடவுளான மெர்க்குரியின் பெயரைத் தாங்கிய மெர்க்கூரியஸ் என்பவர் போப் ஆனபோது, அந்தப் பெயர் சரிப்படாது என்று ஜான் ஆனார். 2025 மே மாதம் போப் ஆன ராபர்ட் பிரீவோஸ்ட் 14ஆம் லியோ என்ற பெயரை எடுத்ததற்குக் காரணத்தையும் அவரே சொன்னார். 13ஆம் லியோ 1891இல் தொழிற்புரட்சி காலத்துத் தொழிலாளர் பிரச்சினை பற்றி எழுதியவர். இன்று செயற்கை நுண்ணறிவு அதே மாதிரி கேள்வியைக் கொண்டுவருகிறது என்றார். ஐடி வேலையில் இருப்பவர்கள் கவனிக்கலாம், உங்கள் வேலைப் பிரச்சினை ஒரு போப்பின் பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

மலையடிவாரத்து 'சகலலோகச் சக்கரவர்த்தி'

இப்போது மறுபடி ஜவ்வாது மலைக்கு வருவோம். மலையின் கிழக்கு அடிவாரத்தில் படவேடு. இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்காகப் போகிறார்கள். ஒரு காலத்தில் அது சம்புவராயர்களின் தலைநகர்.

சம்புவராயர்கள் முதலில் சோழர்களுக்குக் கீழே இருந்த குறுநிலத் தலைவர்கள். அப்போது அவர்களின் பெயர்களைப் பாருங்கள்: விக்கிரமசோழ சம்புவராயன், குலோத்துங்கசோழ சம்புவராயன், எதிரிலிசோழ சம்புவராயன். முன்னால் இருப்பது மேலே உள்ள சோழ அரசரின் பெயர் அல்லது பட்டம். பின்னால் இருப்பது இவர்கள். கம்பெனி பெயரை முன்னால் போட்ட ஐடி கார்டு மாதிரி.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழர் போனார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியரும் தளர்ந்தார்கள். ஐடி கார்டில் போட மேலே யாரும் இல்லை. அப்போது வந்த சம்புவராயரின் பெயர் 'வென்றுமண்கொண்டான்'. அவருக்கு அடுத்தவர் 'ராஜநாராயணன்'. இருவருக்கும் முன்னால் ஒரு பட்டம்: 'சகலலோகச் சக்கரவர்த்தி'.

குலோத்துங்கனும் அவருக்குப் பின் வந்த சோழர்களும் தங்களைத் 'திரிபுவனச் சக்கரவர்த்தி' என்று சொல்லிக்கொண்டார்கள். மூன்று உலகத்துக்கும் அரசர். பாதித் தென்னிந்தியாவைக் கையில் வைத்திருந்தவர்கள் மூன்று உலகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். வடஆர்க்காட்டையும் சுற்றுப் பகுதிகளையும் ஆண்ட சம்புவராயர் எல்லா உலகத்தையும் எடுத்துக்கொண்டார்! இன்றைக்குப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அன்றைய நிலையில் அது வெறும் ஜம்பம் என்று தள்ளிவிட முடியாது. இனி எங்களுக்கு மேலே யாரும் இல்லை, ஆவணத்தில் எங்கள் ஆண்டைத்தான் எழுத வேண்டும் என்ற அறிவிப்பு அது. அப்படியே எழுதவும் செய்தார்கள். இந்த வட்டாரத்துக் கோயில் கல்வெட்டுகள் பல, அவர்களின் ஆட்சி ஆண்டைத்தான் போடுகின்றன.

நீடிக்கவில்லை. 1360-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஜயநகர இளவரசர் குமார கம்பணன் படையெடுத்து வந்து சம்புவராயரைப் பணிய வைத்தார். அவருடைய மனைவி கங்காதேவி எழுதிய 'மதுரா விஜயம்' காவியத்தில் அந்தப் போர் வருகிறது. 1989இல் வடஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது ஒரு பாதிக்குத் 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்' என்று பெயர் வைத்தார்கள். 1997இல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று முடிவானபோது அதுவும் போய்விட்டது.

வேலூரில் முடிந்த ஒரு பெயர்

மலைக்கு வடக்கே வேலூர். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று ஒரு நினைவிடம் இருக்கிறது. இலங்கையின் கண்டியை ஆண்ட கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கே அடங்கியிருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் கண்ணுசாமி.

இலங்கையில் சிம்மாசனப் பெயர் மரபு தமிழர், சிங்களர் இரு பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறி மாறிப் பெயர் எடுத்தார்கள். சோழரின் ராஜகேசரி, பரகேசரி மாதிரியே. 1619இல் போர்த்துக்கீசர் கைக்கு நாடு போனதோடு அது முடிந்தது.

கண்டியில் 1739இல் சிங்கள அரசர் வாரிசு இல்லாமல் இறக்க, அவருடைய ராணியின் தம்பி அரசரானார். ராணி மதுரை நாயக்கர் வழி. தம்பியும் அப்படியே. அவர் எடுத்த பெயர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். ராஜசிங்கன் என்பது அந்த மண்ணில் பெருமை மிக்க பழைய அரசப் பெயர். அடுத்து வந்த மூன்று நாயக்கர்களும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்றே வந்தார்கள். கண்டியில் நாத தேவாலயத்தில்தான் புது அரசருக்குப் பெயர் சூட்டி வாள் கட்டுவார்கள். பெயர் சூட்டலே பட்டாபிஷேகத்தின் ஒரு பகுதி. 1798இல் 18 வயது வாக்கில் இருந்த கண்ணுசாமியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர் பிலிமத்தலாவை என்ற சிங்கள மந்திரி. கைக்குள் அடங்குவார் என்று நினைத்தார். அடங்கவில்லை.

குலோத்துங்கனுக்குக் கைகொடுத்த உத்தி இங்கே கடைசி வரை காப்பாற்றவில்லை. 1815இல் ஆங்கிலேயரும் கண்டித் தலைவர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவரை 'மலபார்' அரசன் என்று குறிப்பிட்டது. அன்றைய ஆங்கிலேயர் தமிழர்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. 17 ஆண்டு ராஜசிங்கனாக இருந்தவரை ஒரே சொல்லில் மறுபடியும் வெளியூர்க்காரர் ஆக்கினார்கள். அவரை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரியில் இங்கேயே இறந்தார்.

மறுபடியும் எடுத்தனூர்

நடுகற்களில் பல, மழையிலும் எண்ணெயிலும் தேய்ந்தவை. 'பருமற்கு யாண்டு' என்பது தெரியும். அதற்கு முன்னால் இருந்த பெயர் போயிருக்கும். அப்படியானால் எழுத்தின் வடிவத்தை வைத்து இந்த நூற்றாண்டு என்று மட்டும் சொல்ல முடியும். மலைவாசிகளுக்கும் அடிவாரத்து ஊர்களுக்கும் அவர்களின் முன்னோர் பற்றி எழுத்தில் இருக்கும் மிகப் பழைய சான்று பெரும்பாலும் இந்தக் கற்கள்தான். அரசரின் பெயர் இருக்கும் நாலு எழுத்து உதிர்ந்தால், அந்த ஆளின் காலம் ஒரு நூற்றாண்டு அகலத்துக்குக் கலைந்துவிடும். உங்கள் ஊரில் அப்படி ஒரு கல் இருந்தால், அதன் மேல் பெயின்ட் அடிக்காமல் இருப்பது பெரிய உதவி. மொபைலில் பக்கவாட்டு வெளிச்சத்தில், அதாவது காலை அல்லது மாலை வெயிலில், ஒரு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கோ பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ கொடுக்கலாம்.

எடுத்தனூர்க் கல்லில் அந்த நாலு எழுத்து தப்பிவிட்டது. மகேந்திரவர்மனுக்குப் பட்டங்கள் ஏராளம். விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன், சித்திரகாரப்புலி என்று தான் குடைவித்த கோயில்களில் ஆசை ஆசையாகப் பொறித்து வைத்தார். எருமைக் காவலில் இறந்த கருந்தேவக்கத்தியின் கல்லில் அதில் ஒன்றுகூட இல்லை. மயீந்திர பருமன், 34, அவ்வளவுதான். மிச்ச இடத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, செத்துக் கிடந்தவர் பக்கத்தில் காவல் நின்ற அவருடைய நாய்.